மாதவராஜ் தலையசைக்கும் வரை

27 நவம்பர் 2022, ஞாயிறு

தக்காளி விலை இன்னும் இறங்கிவிட்டது. எங்களுக்கு நல்ல நாள்.

இப்படி எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. பாலக்கோட்டுக்கு வரும் வழியில் யாரோ ஒரு டிராக்டர் தக்காளியை ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போயிருந்தார்கள். மாடுகள்கூட ஒரு வாய் தின்றுவிட்டு நகர்ந்துவிட்டன. என்ன செய்ய? விலை இருந்தால் மாதவராஜ் வீட்டு மண்டியில் சரக்கு வந்து குவியும், பின்னால் இருக்கும் தகர ஷெட்டில் கால் வைக்க இடம் இருக்காது. விலை விழுந்தால் ஷெட்டும் காலி, அவனும் சும்மா. அப்போதுதான் நாங்கள் மூன்று பேரும் வாசிக்க முடியும். ஊர் வயிறெரியும்போது வாசிக்கிற பேண்டு உலகத்திலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும்.

மாதவராஜ் டிரம்ஸ். தருமபுரியில் காலேஜ் படித்தபோது பழக்கம். இனிகோ என் சித்தி மகன், பேஸ் கிட்டார். எங்கள் ஊர் மாதா கோயில் பாடகர் குழுவில் என்னோடு வளர்ந்தவன். நான் கிட்டார். வார நாட்களில் லேபில் ரத்தம் எடுக்கிறேன். பாட ஆள் கிடையாது, தேவையும் இல்லை. அம்மாவுக்கு அது மட்டும் பிடிபடவே மாட்டேன் என்கிறது.

"பாடறது யாருடி?"

"யாரும் இல்லம்மா."

"அப்ப ஜனம் எதத்தான் கேக்கும்?"

பேண்டுக்குப் பெயர் 'காலி கிரேட்'. முதல் நாள் டிரம்ஸ் இல்லாமல், தக்காளி ஏற்றும் பிளாஸ்டிக் கிரேட்டுகளைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல்தான் மாதவராஜ் அடித்தான். சரக்கு இருந்தால் சத்தம் வராது, காலியாக இருந்தால்தான் வரும் என்றான். சாதாரணமாகத்தான் சொன்னான். இனிகோ அதையே பெயராக வைத்துவிட்டான்.

4 டிசம்பர் 2022

புதுசு ஒன்று இன்று ஒரு வழியாக உருப்பட்டது. பெயர் 'தக்காளியைக் கொட்டிவிட்டுத் திரும்பும் டிராக்டர்'. இந்த மாதிரி இசைக்குப் போஸ்ட்-ராக் என்று பெயர், அதில் தலைப்பெல்லாம் நீளமாகத்தான் இருக்க வேண்டும் என்று இனிகோ சத்தியம் செய்கிறான். பாட்டில் வார்த்தை இல்லாததால் எல்லாவற்றையும் தலைப்பிலேயே கொட்டிவிடுவார்கள் போல.

முதலில் என் கிட்டார் மட்டும். பிறகு பேஸ். பிறகு டிரம்ஸ். மெதுவாக ஏறி, உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் மூன்று பேரும் சட்டென்று நிறுத்துகிறோம். எண்ணிக்கை எதுவும் கிடையாது. மாதவராஜ் தலையசைக்கும் வரை அசையக் கூடாது. அசைத்ததும் மூவரும் ஒன்றாக விழ வேண்டும்.

"எப்ப அசைப்பேன்னு உனக்காச்சும் தெரியுமா மாதவா?" என்று கேட்டேன்.

"தெரியாது. உங்க ரெண்டு பேரு மூஞ்சியப் பாத்துக்கிட்டே இருப்பேன். இப்பன்னு தோணும்."

நாள் முழுக்க யார் யாரோ என்னிடம் கையை நீட்டுகிறார்கள், நரம்பைத் தேடுகிறேன், பஞ்சை வைக்கிறேன், முகத்தைப் பார்ப்பதில்லை. வீட்டில் அம்மா இருக்கிறாள், டிவி இருக்கிறது. அப்படியும் ஏன் இவ்வளவு தனியாக இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. அந்த மௌனத்தில் மட்டும் அப்படி இல்லை. ஒருவன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான், அவன் தலைக்காக நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். அவ்வளவுதான். அதற்குத்தான் ஞாயிற்றுக்கிழமை தோறும் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுகிறேன்.

11 பிப்ரவரி 2023, சனி

லூர்து மாதா திருவிழா. சாயங்காலப் பூசை முடிந்து, தேர் கிளம்பும் முன் மேடையில் எங்களுக்கு இடம் கொடுத்தார், கோயில் காரியமெல்லாம் பார்க்கிற சவரி உபதேசியார். 'டிராக்டர்' வாசித்தோம். மௌனம் வந்தது. மொத்த ஊரும் எங்களைப் பார்க்கிறது, நானும் இனிகோவும் மாதவராஜைப் பார்க்கிறோம்.

மேடைக்குப் பின்னால் இருந்த சென்றாயன் அண்ணனுக்கு மேடையில் நடப்பது தெரியவில்லை. சவுண்டு செட், ஜெனரேட்டர் எல்லாம் அவருடையது. போன வருடம் பங்குச் சாமியார் பிரசங்கத்தின் நடுவில் கரண்டு போய், ஜெனரேட்டர் போட நேரமாகி, எல்லாரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டவர். சத்தம் நின்றதும் மனுஷன் கரண்டு போய்விட்டது என்றே முடிவு செய்துவிட்டார். ஓடிப்போய்க் கைப்பிடியைச் சுற்றிக் கிளப்பிவிட்டார். டக் டக் டக்கென்று ஆரம்பித்தது. உபதேசியார் அவசரமாக மைக்கைப் பிடித்து, "கரண்டு இப்ப வந்துரும், அல்லாரும் பொறுமையா ஒக்காருங்க" என்றார். அவர் தலைக்கு மேலேயே சீரியல் பல்பு எரிந்துகொண்டிருந்தது.

இனிகோ சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டான். எனக்கு அழுகை வரும்போல இருந்தது. மாதவராஜ் மட்டும் ஜெனரேட்டரையே கேட்டுக்கொண்டிருந்தான். அப்புறம் என் முகத்தைப் பார்த்தான். அந்த டக் டக்கின் வேகத்திலேயே தலையசைத்தான்.

அதற்குமேல் எனக்கு எழுத வரவில்லை. இப்படி நாங்கள் ஒருநாளும் வாசித்ததில்லை. முடிந்ததும் சென்றாயன் அண்ணன் மேடைக்கு முன்னால் வந்து நின்று, தன்னால்தான் பாட்டு தப்பித்தது என்ற முகத்தோடு எங்களைப் பார்த்தார். யாரும் அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை.

12 பிப்ரவரி 2023

பால் வாங்கப் போன இடத்தில் ரோசம்மா பெரியம்மா கேட்டாள்: "அந்தக் கரண்டு போற பாட்டு நீங்களே கட்டுனதா?" ஊரில் அதற்குப் பெயர் வைத்தாகிவிட்டது.

4 ஜூன் 2023

இனிகோவுக்கு பெங்களூரில் வேலை. நாளைக் காலை போகிறான்.

சந்தோஷப்பட வேண்டும், பட்டேன். அம்மா பாயசம் வைத்தாள். சாப்பிட்டு முடித்ததும் அவன் லேப்டாப்பைத் திறந்து, இணையத்தில் எங்கள் பேண்டுக்கு அவனே தொடங்கிய பக்கத்தைக் காட்டினான். உறுப்பினர்கள் என்ற இடத்தில் அவன் பெயருக்குப் பக்கத்தில் ஏற்கெனவே அடித்துவிட்டிருந்தான்: இனிகோ (2022–2023).

"என்னடா இது, கல்லறையில எழுதற மாதிரி?"

"எல்லா பேண்டுலயும் இப்படித்தான்க்கா போடுவாங்க. ஆளு மாறுவாங்க, பேண்டு இருக்கும்."

பாஸ்வேர்டை என்னிடம் கொடுத்துவிட்டான். வருடக் கணக்கில் வாசித்தவன் மாதிரி ஒரு கோடு போட்டுக்கொண்டு போகிறான். பஸ் ஸ்டாண்டுக்கு நான் போகப்போவதில்லை.

5 ஜூன் 2023

போனேன்.

9 ஜூலை 2023

தக்காளி விலை எங்கேயோ போய்விட்டது. டிவியில் பாலக்கோடு மண்டியைக் காட்டினார்கள். கிரேட்டுகளுக்கு நடுவில் மாதவராஜ், தூக்கமில்லாத கண்ணோடு, வாயெல்லாம் பல். அவனுக்கும் அவன் அப்பாவுக்கும் காய் வைத்திருக்கும் குடியானவர்களுக்கும் இது திருவிழா. எனக்குப் பொறாமையாக இருக்கிறது, தக்காளியின் மேல்.

போன் செய்தேன். பின்னால் ஏலச் சத்தம். "விலை விழட்டும் ஸ்டெஃபி, மொத ஆளா வந்துர்றேன்" என்றான். விலை விழ வேண்டும் என்று மாதாவிடம் வேண்டிக்கொள்ள முடியுமா? முட்டி போட்டேன், வேண்டவில்லை, எழுந்து வந்துவிட்டேன்.

17 செப்டம்பர் 2023

விழுந்துவிட்டது. சொன்னபடி முதல் ஆளாக வந்துவிட்டான். ஷெட்டை அவனே கூட்டி வைத்திருந்தான். சம்பாதித்ததில் புது டிரம்ஸ் வாங்கியிருக்கிறான்.

இனிகோவுக்குப் பதிலாக அரூரிலிருந்து கலைமணி வந்திருந்தார். ஆர்கெஸ்ட்ராவில் பேஸ் வாசிக்கிறவர், எங்களைவிடப் பெரியவர், தங்கமான மனுஷன். எந்தச் சுரத்தைக் கேட்டாலும் உடனே கையில் வருகிறது. ஒன்றே ஒன்றுதான் வரவில்லை. மௌனத்தில் அவரால் நிற்க முடியவில்லை. மாதவராஜ் தலையசைப்பதற்கு முன்பே விழுந்துவிடுகிறார். ஒவ்வொரு தடவையும்.

"மன்னிச்சுக்குங்க" என்றார் கடைசியில், வேர்த்துப்போய். "ஆர்கெஸ்ட்ராவுல சத்தம் நின்னா கல்லு வருங்க. கை தன்னால போயிடுது."

மாதவராஜ் விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன். ரொம்ப நாளாயிற்று.

19 நவம்பர் 2023

கலைமணி இன்று ஒரு பாட்டுக்காரரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். "சும்மா ஒரு ஆலாபனை மட்டும் போடட்டுங்க, ஜனத்துக்குப் புடிக்கும்." அந்த ஆள் செருமிக்கொண்டு, சரியாக மௌனத்தில் போய் ஆலாபனையை ஆரம்பித்தார்.

நான் அவர் மைக் வயரைப் பிடுங்கிவிட்டேன். அப்படிச் செய்திருக்கக் கூடாது, ஆனால் செய்துவிட்டேன். கலைமணி கோபப்படவில்லை, அதுதான் கஷ்டமாக இருக்கிறது. "தீர்த்தமலை மாசி மகத்துக்கு ஆர்கெஸ்ட்ரா ஒத்திகை ஆரம்பிக்குதுங்க, இனிமே வர முடியாது" என்று அவரே ஒரு காரணத்தையும் எடுத்துக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினார். மாசிக்கு இன்னும் எவ்வளவோ நாள் இருக்கிறது.

மாதவராஜ் கிரேட்டின்மேல் உட்கார்ந்து சாவியைச் சுற்றிக்கொண்டே இருந்தான். போகும்போதுதான் சொன்னான்: "வூட்டுல பொண்ணு பாத்திருக்காங்க. தையில."

28 ஜனவரி 2024

மாதவராஜுக்குக் கல்யாணம். பெண் பெயர் சுகுணா, ராயக்கோட்டைப் பக்கம். நல்ல சிரிப்பு. "நீங்கதான் ஸ்டெஃபியா? இவரு பேசுனா உங்க பேண்டப் பத்திதான் பேசுறாரு" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். என் கை சில்லென்று இருந்திருக்கும்.

கலைமணியின் ஆர்கெஸ்ட்ராதான் கச்சேரி. என்னைப் பார்த்ததும் மேடையிலிருந்தே கும்பிட்டார். அவர்கள் ஒரு நொடிகூட நிறுத்தாமல் வாசித்தார்கள்.

சாப்பாடு நன்றாக இருந்தது. மொய் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

11 பிப்ரவரி 2024

திருவிழா. இந்த முறை நாங்கள் இல்லை. நாங்கள் என்றால் யார் இப்போது?

ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றிக்கொண்டிருந்த சென்றாயன் அண்ணன் என்னைக் கண்டதும் கேட்டார்: "இந்த வருசம் கரண்டு போற பாட்டு இல்லியா பாப்பா?"

"ஆள் இல்லண்ணா."

"அட, நான் தயாரா நின்னுக்கிட்டு இருந்தேன்."

18 ஆகஸ்ட் 2024

இனிகோ வந்திருந்தான். பெங்களூரில் ஒரு பேண்டில் சேர்ந்துவிட்டானாம், மாதம் ஒரு கச்சேரியாவது நடக்கிறதாம். கிட்டாருக்கு ஆள் தேடுகிறார்கள். "லேப் வேலையெல்லாம் அங்க சுளுவா கெடைக்கும். கெளம்பி வந்துடுக்கா."

அம்மாவை விட்டுவிட்டு எப்படி என்றேன்.

அடுப்படியிலிருந்து குரல் வந்தது: "என் மேல பழியப் போடாதடி. போறதுன்னா போ. நான் என்ன பச்சப்புள்ளையா?"

இனிகோ தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான்: "நீ காத்துக்கிட்டு இருக்கறது பேண்டுக்காகவாக்கா, அவருக்காகவா?"

போடா நாயே என்றேன். இன்னும் ரெண்டு துண்டு கறியை எடுத்து அவன் தட்டில் போட்டேன்.

அவன் போன பிறகு யோசித்துப் பார்க்கிறேன். கட்டிக்கொள்ள வேண்டும் என்றெல்லாம் மாதவராஜைப் பற்றி நான் நினைத்ததே இல்லை, சத்தியமாக. எதிரே உட்கார்ந்து என் முகத்தைப் பார்க்க ஒரு ஆள் வேண்டும். அதற்கு என்ன பெயர்? பெங்களூரில் வேறு டிரம்மர் இருப்பான், குச்சியைத் தட்டி ஒன்று ரெண்டு மூன்று என்று எண்ணுவான். எனக்கு அது வேண்டாம். விலை விழும், மாதவராஜ் வருவான். பேண்டின் இணையப் பக்கத்தில் அவன் பெயருக்கு எதிரே '2022–' என்று போட்டு, மீதியை எழுதாமல் விட்டிருக்கிறேன். அது அப்படியேதான் இருக்கும்.

6 அக்டோபர் 2024

மாதவராஜுக்கு மகன் பிறந்திருக்கிறான். படம் அனுப்பியிருந்தான். டிரம்ஸ் மாடியில் இருக்கிறதாம், சுகுணா அதன்மேல் குழந்தைத் துணி காயப்போடுகிறாளாம். சிரிக்கிற பொம்மையையும் சேர்த்து அனுப்பியிருந்தான். நானும் சிரிக்கிற பொம்மையை அனுப்பினேன்.

19 ஜனவரி 2025

விலை விழுந்தே விட்டது. ரோட்டோரம் மறுபடியும் சிவப்பு.

கிட்டாரைத் தூக்கிக்கொண்டு போனேன். மாதவராஜின் அப்பா மண்டி வாசலில் ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "வந்துருவாம்மா, நீ தொறந்து வெய்யி" என்று சாவியைக் கொடுத்தார். ஷெட்டைக் கூட்டினேன். கிரேட்டுகளை ஓரமாக அடுக்கினேன், ஒன்றை மட்டும் அவன் இடத்தில் கவிழ்த்துப் போட்டேன். சுருதி சேர்த்தேன். அவிழ்த்து மறுபடி சேர்த்தேன்.

மத்தியானம் போன் வந்தது.

"வெல விழுந்தது தெரியும். ஷெட்டும் காலிதான். நானும் வூட்லதான் இருக்கேன்" என்றான். பிறகு சொன்னான்: "ஆனா எனக்கு வரத் தோணல ஸ்டெஃபி."

சரி என்றேன்.

ஏதாச்சும் பொய் சொல்லியிருக்கலாமில்ல? கொழந்தைக்குக் காய்ச்சல்னு, மாமனார் வூட்டுக்குப் போறேன்னு. நான் நம்பியிருப்பேனே. இத்தன நாளா நம்பிக்கிட்டு இருந்தவதான? தோணலயாம். தோணறதுக்குத்தான மூச்சப் புடிச்சிக்கிட்டு நின்னேன் — பாவி, என் மூஞ்சியப் பாத்து சொல்லுடா.

சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது அவன் அப்பா, "வரலியா?" என்றார். பிறகு அவராகவே, "ரெண்டு கிலோ எடுத்துக்கிட்டுப் போம்மா, எப்படியும் கொட்டத்தான் போறோம்" என்றார். எடுத்துக்கொண்டு வந்தேன். அம்மா தொக்கு வைத்தாள். நான் சாப்பிடவில்லை.

26 ஜனவரி 2025

கிட்டாரைத் தொடவில்லை.

2 பிப்ரவரி 2025

பூசை முடிந்து வெளியே வந்தபோது சவரி உபதேசியார் மறித்தார். "இந்தவாட்டி ஞாயித்துக்கெழமையே, ஒம்பதாந்தேதி திருவிழா. அந்தக் கரண்டு போற பாட்ட வெச்சிரும்மா. ஜனம் கேக்குது."

"நான் ஒருத்திதாங்க இருக்கேன்."

"சாமியாரும் ஒருத்தருதான பூசை வெக்கிறாரு. அவரு வேணான்னாரா?"

சரிங்க என்றேன்.

ஷெட்டில் நாங்கள் பதிவு செய்தது பழைய லேப்டாப்பில் இருக்கிறது. மாதவராஜின் டிரம்ஸையும் இனிகோவின் பேஸையும் தனியாகப் பிரித்துக் கால் பெடலில் ஏற்றினேன். மிதிக்க மிதிக்க ஒவ்வொருவராக வருவார்கள், மறுபடி மிதித்தால் இருவரும் நிற்பார்கள். இத்தனை நாள் என் பேச்சை இப்படிக் கேட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

வீட்டிலேயே வாசித்துப் பார்த்தேன். மௌனம் வரை ஒரு குறையும் இல்லை. அதற்கப்புறம் காலை எப்போது வைப்பது என்று தெரியவில்லை. ஒரு தடவை சீக்கிரம் வைத்தேன், கலைமணி மாதிரி. ஒரு தடவை நின்றுகொண்டே இருந்தேன், அம்மா எட்டிப் பார்த்து "ஏண்டி, கரண்டு இருக்குதே?" என்றாள். எனக்கு நானே தலையசைத்துக்கொள்ள முடியாது என்பது தெரிந்துபோயிற்று.

9 பிப்ரவரி 2025, ஞாயிறு

வாசித்தேன்.

மேடையில் ஒரே ஒரு நாற்காலி. தேர் ஜோடித்து நின்றது. முன்வரிசையில் அம்மா, வெள்ளைப் புடவையில், நான்தான் பூசை வைக்கப்போகிற மாதிரி கை கூப்பி உட்கார்ந்திருந்தாள். நான் தொடங்கினேன், பெடலை மிதித்தேன், பேஸ் வந்தது, மிதித்தேன், டிரம்ஸ் வந்தது. அந்த ஷெட்டின் தகரச் சத்தம் அதில் அப்படியே இருக்கிறது. ஏறி ஏறி வந்து, மிதித்து நிறுத்தினேன்.

மௌனம்.

யாரும் எழுந்து போகவில்லை. உபதேசியார் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் நின்றார். ரோசம்மா பெரியம்மா பக்கத்துப் பிள்ளைகளை உஷ் என்று அடக்கினாள். ஊருக்கே தெரிந்திருக்கிறது, இந்த இடத்தில் காத்திருக்க வேண்டும் என்று. எப்போது முடியும் என்பதுதான் யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. பழக்கத்தில் இடது பக்கம் திரும்பினேன். டிரம்ஸ் இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. காலைப் பெடலுக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தேன். இறங்கிப் போய்விடலாம் என்றுகூட நினைத்தேன்.

அதே இடது பக்கம், மேடைக்குக் கீழே, சென்றாயன் அண்ணன். இந்த முறை ஜெனரேட்டரைப் பின்னால் வைக்காமல் மேடை தெரிகிற மாதிரி பக்கவாட்டில் நிறுத்தியிருந்தார். கைப்பிடியைப் பிடித்தபடி குனிந்து, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சீரியல் பல்பை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார். திரும்ப என்னைப் பார்த்தார்.

தலையசைத்தார்.

மிதித்தேன்.

10 பிப்ரவரி 2025, திங்கள்

லேபுக்குப் போகும் வழியில் சென்றாயன் அண்ணன் வயர்களைச் சுருட்டி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். நின்று கேட்டேன், நேற்று எதற்குத் தலையாட்டினீர்கள் என்று.

"கரண்டு இருக்குதுன்னு சொன்னேன் பாப்பா. நீ ஒருத்தியா பயந்துபோயி நின்னுட்டியே, அதான்."

"அடுத்த வருசமும் அங்கியே நில்லுங்கண்ணா."

"வேற எங்க நிக்கப் போறேன்?"

மத்தியானம் லேபில் ஆள் இல்லாத நேரம் பேண்டின் பக்கத்தைத் திறந்தேன். மாதவராஜ் கடைசியாக வாசித்தது 2023-இல். கோட்டுக்குப் பக்கத்தில் அதைப் போட்டேன். கொஞ்ச நேரம் ஜன்னல் வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இனிகோவுக்கு ஒரு தகவல் அனுப்பினேன், பெங்களூருக்கு வரவில்லை என்று. பிறகு கீழே இன்னொரு வரி சேர்த்தேன்.

ஜெனரேட்டர்: சென்றாயன் (2023 முதல்).